பாய் ராம் சிங்: ஒரு தச்சரும் அவர் பெயருக்கு முன்னுள்ள சொல்லும்

இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வைட் தீவில், விக்டோரியா அரசியின் ஓய்வில்லமாக இருந்த ஆஸ்போர்ன் மாளிகையில், ஒரு நீண்ட நடைவழி உண்டு. அதன் சுவர்களில் இந்தியர்களின் உருவப்படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. வரைந்தவர் ருடால்ஃப் ஸ்வோபோடா என்னும் ஆஸ்திரிய ஓவியர். 1886ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற குடியேற்றநாடுகள் மற்றும் இந்தியக் கண்காட்சிக்கு ஆக்ராச் சிறையிலிருந்து கைவினைஞர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். சிறையில் தொழில் பயின்றவர்கள் அவர்கள். கண்காட்சியில் அமர்ந்து குடம் வனைந்தும் கம்பளம் நெய்தும் காட்டினர். அவர்களைக் கண்டு மகிழ்ந்த அரசி, முதலில் அவர்களையும் பின்னர் இந்தியாவுக்கே ஆளனுப்பி வேறு பலரையும் வரையச் செய்தார். நெசவாளி, குயவர், சிப்பாய், நாட்டுப்புறப் பெண் என ஒவ்வொருவரும் ஒரு 'வகை'யின் எடுத்துக்காட்டாகவே அந்தச் சுவருக்கு வந்து சேர்ந்தனர்.

அதே வரிசையில் 1892இல் வரையப்பட்ட ஒரு படம் சேர்ந்தது. அதில் இருப்பவர் கண்காட்சிப் பொருளாகக் கப்பலேறியவர் அல்லர். அந்த நடைவழி கொண்டுபோய்ச் சேர்க்கும் தர்பார் அறையை உருவாக்க வந்தவர். பஞ்சாபின் தச்சர் குடும்பம் ஒன்றில் பிறந்து, லாகூரில் பயின்று, அங்கேயே ஆசிரியராக இருந்தவர். பெயர் பாய் ராம் சிங்.

'பாய்' என்றால் சகோதரர். தமிழகத் தெருக்களில் இச்சொல் பெரும்பாலும் இசுலாமியரை விளிக்கும் சொல்லாகவே அறியப்பட்டுள்ளது. பஞ்சாபில் சீக்கியரிடையே அது மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஒருவருக்கு ஊர் அளிக்கும் பட்டம். ஆங்கில ஆவணங்களோ அதை முதற்பெயர்போல எழுதிக்கொண்டன. மாளிகையின் கணக்கரும் கொத்தரும் அவரை அழைத்தபோதெல்லாம் பொருள் அறியாமலேயே 'அண்ணா' என்று அழைத்திருப்பார்கள் என்று எண்ணுவதில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. அந்த மகிழ்ச்சி நெடுநேரம் நிலைப்பதில்லை. அரசியின் மாளிகையில் தச்சர் ஒருவர் எதைச் செய்தார், செய்ததில் எவ்வளவு அவர் பெயரில் எழுதப்பட்டது என்னும் வினா உடனே எழுந்துவிடுகிறது.

பஞ்சாபின் நினைவில் தச்சரும் சகோதரர் என்னும் சொல்லும் முதன்முதலாக இணைவது பாய் லாலோவிடம். இன்று பாகிஸ்தானின் குஜ்ரன்வாலா மாவட்டத்தில் எமினாபாத் எனப்படும் சையத்பூரில் வாழ்ந்த தச்சர் அவர். குரு நானக் அவ்வூருக்கு வந்தபோது, மாலிக் பாகோ என்னும் அதிகாரியின் விருந்தை விடுத்து லாலோவின் வீட்டு வரட்டு ரொட்டியை உண்டார் என்பது பிறப்புச்சாட்சிக் கதைகளில் புகழ்பெற்ற நிகழ்ச்சி. ஒரு கையில் லாலோவின் ரொட்டியையும் மறு கையில் பாகோவின் பலகாரத்தையும் பிழிந்தபோது முன்னதிலிருந்து பாலும் பின்னதிலிருந்து குருதியும் வடிந்ததாகக் கதை செல்லும். கதையின் அற்புதத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. பாபரின் படையெடுப்பால் சீரழிந்த நிலத்தை எண்ணி நானக் பாடிய பதிகம் ஒன்று லாலோவைப் பெயர் சொல்லி விளித்துப் பேசுகிறது என்பதோ நூலிலேயே உள்ள செய்தி. ஒரு பேரழிவைப் பற்றிப் பேச ஒரு தச்சர் செவிமடுப்பவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்காலத்து இலக்கியத்தில் இது அரிது.

ஆயினும் மதிப்பு நேர்கோட்டில் வளரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சீக்கியப் படைக்கூட்டங்களுள் ஒன்றின் தலைவராக உயர்ந்த ஜஸ்ஸா சிங், 'தோக்கா', அதாவது தச்சர், என்றே சுட்டப்பட்டார். அமிர்தசரசில் ராம் ரௌணி என்னும் மண்கோட்டையைத் திரும்பக் கட்டி அதற்கு ராம்கர் எனப் பெயரிட்டதன்பின் அவர் ராம்கடியா ஆனார். தொழிற்பெயரைக் கோட்டைப்பெயர் மூடியது. பின்னர் பஞ்சாபின் சீக்கியத் தச்சர், கொல்லர், கொத்தர் எல்லோருமே ராம்கடியா என்று தம்மைக் குறிக்கலாயினர். 'தச்சர்' என்று தனியே சொன்னால் இழிவு ஒட்டிக்கொள்ளும் ஒரு சமூகத்தில், சொல்லை மாற்றிக்கொள்வது தற்காப்பு.

அந்த மரபில் 1858இல், குருதாஸ்பூர் மாவட்டம் படாலாவுக்கு அருகிலுள்ள ரசூல்பூரில் ராம் சிங் பிறந்தார். இளமையிலேயே குடும்பத் தொழிலுக்காக அமிர்தசரஸ் வந்தார். அமிர்தசரசும் லாகூரும் அன்று மரவேலைக்குப் பெயர்பெற்ற நகரங்கள். ஷீஷம் மரம் சமவெளியிலேயே கிடைத்தது. தேவதாருவோ இமயச் சரிவுகளில் வெட்டப்பட்டு ஆறுகளில் மிதந்து வந்தது. வீட்டு முகப்புகளின் மாடச் சாளரங்களும் கதவு நிலைகளும் தச்சரின் திறனை ஊருக்குக் காட்டும் இடங்கள். அவற்றுள் 'பிஞ்ச்ரா' எனப்படும் சல்லடைப் பலகணி தனித்துச் சொல்லத்தக்கது. பசை தேவையின்றி, சிறுசிறு மரத்துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும்படி பொருத்தப்படும். ஒரு துண்டின் கோணம் மயிரிழை பிசகினாலும் சட்டத்தின் மறுமுனையில் கடைசித் துண்டு அமராது. உளியைத் தொடுமுன் கவராயத்தால் கோலத்தை முழுதுமாகப் பலகையில் வகுத்துவிட வேண்டும். வடிவக்கணிதம் என்னும் பெயரைக் கேட்டறியாத சிறுவர்கள் அதைக் கையால் கற்ற பள்ளி அது.

ஆங்கில அதிகாரி ஒருவரின் வீட்டில் பழுதான பியானோவைச் சீராக்கிக் கொடுத்ததனால் பதின்வயது ராம் சிங் வெள்ளையரின் கண்ணில் பட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. இத்தகைய கதைகள் கைவினைஞர் வாழ்க்கை வரலாறுகளில் அடிக்கடி வருவன. திறமை எவ்வளவு இருந்தாலும் அதைக் கண்டெடுக்க ஒரு துரை தேவைப்படுகிறார். கதை மெய்யோ புனைவோ, அதன் அமைப்பு அக்காலத்து அதிகார உறவைத் தெளிவாகவே காட்டிவிடுகிறது.

1872இல் அந்தமானில் கொலையுண்ட தலைமை ஆளுநர் மேயோ பிரபுவின் நினைவாக, 1875இல் லாகூரில் மேயோ தொழிற்கலைப் பள்ளி தொடங்கப்பட்டது. பம்பாய்க் கலைப்பள்ளியில் பத்தாண்டு பணியாற்றிய ஜான் லாக்வுட் கிப்ளிங் அதன் முதல்வராக வந்தார். ராம் சிங் அங்கே முதல் தலைமுறை மாணவர்களுள் ஒருவர். கைவினைக் குடும்பங்களின் பிள்ளைகளையே சேர்க்க வேண்டும் என்பதில் கிப்ளிங் உறுதியாக இருந்தார். ஐரோப்பியச் சிலைகளின் சுதைப் படிகளை வரைய வைப்பதைவிட, நகருக்குள்ளேயே இருந்த வசீர்கான் பள்ளிவாசலின் சுவர்களை வரைய வைப்பது மேல் என்று அவர் கருதினார். சீக்கியத் தச்சர் வீட்டுப் பிள்ளை முகலாயக் காலத்துப் பள்ளிவாசலின் கோலங்களைத் தாளில் படியெடுத்தது இவ்வாறுதான். அவருடைய பிற்காலக் கட்டடங்களின் வளைவுகளையும் மாடங்களையும் 'இந்தோ-சாரசனிக்' என்ற சொல்லால் முடித்துவிடுவது பாடநூல்களின் வழக்கம். சென்னையில் சிசோம் செய்ததற்கும் லாகூரில் ராம் சிங் செய்ததற்கும் அச்சொல் ஒன்றாகவே பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. முன்னவர் வெளியிலிருந்து ஒரு நடையைத் தேர்ந்தெடுத்தார். பின்னவர் தாம் வளர்ந்த தெருவின் சாளரத்தைப் பெரிதாக்கினார்.

அந்தத் தாள்தான் முதன்மையான மாற்றம். தச்சுப்பட்டறையில் கோலம் மரத்தின்மேலேயே பிறந்து மரத்தோடு போய்விடும். பள்ளியிலோ அது அளவுக்கோட்டுடன் தாளுக்கு வந்தது. அஞ்சலில் அனுப்பலாம், வேறொருவர் வெட்டலாம், வேறொரு நாட்டில் பொருத்தலாம். 1880களின் நடுவில் அரசியின் மகன் கன்னாட் கோமகன் தம் பாக்‌ஷாட் மாளிகையின் பில்லியர்ட் அறைக்கு இந்திய மரவேலைப்பாடு வேண்டினார். பலகைகள் பஞ்சாபிலேயே செதுக்கப்பட்டுக் கப்பலில் சென்று இங்கிலாந்தில் பொருத்தப்பட்டன. ஆறாயிரம் மைல் தொலைவிலிருக்கும் சுவருக்கு இங்கிருந்தே அளவெடுத்துச் செய்த வேலை, பிஞ்ச்ராவின் கடைசித் துண்டு சரியாக அமர்வது போன்றதே. இதைக் கட்டடக்கலை என்று சொல்லத் தயங்கி 'மரச்செதுக்கு' என்று எழுதியவர்களுக்கு அதன் கடினம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பாக்‌ஷாட்டைக் கண்டபின்பே அரசியும் ஆஸ்போர்னில் ஓர் இந்திய அறையை விரும்பினார். 1890இல் பணி தொடங்கியது. திட்டத்தின் பொதுப்போக்கைக் கிப்ளிங் வகுத்தார். ராம் சிங் வைட் தீவிலேயே தங்கி முழு அளவு வரைபடங்களையும் மரத்தாலான அச்சு மாதிரிகளையும் உருவாக்கினார். அவற்றிலிருந்து ஆங்கிலேயச் சுதை வேலையாட்கள் வார்த்தெடுத்தனர். ஆழமான பெட்டிகளாகப் பிரிந்த கூரை, கணப்படுப்பின் மேல் தோகை விரித்து நிற்கும் மயில், சுவரெங்கும் படர்ந்த கொடிக்கோலம் என யாவும் வெண்ணிறச் சுதை. காண்பவர் அதைச் சுதைவேலை என்றே எண்ணுவர். அதன் உள்ளே மறைந்திருப்பது மரம். உளியின் சாய்வும் ஆழமும் தெரியாதவர் அந்த நிழல்களை வகுத்திருக்க இயலாது. இந்தியாவின் பேரரசி என்னும் பட்டம் சூடியும் இந்தியாவுக்கு ஒருநாளும் வராத ஒருவருக்கு, இந்தியா இதுதான் என்று காட்டிய அறையை அமைத்தது படாலா வட்டாரத்துத் தச்சரின் கை.

நெடுங்காலம் அவ்வறை கிப்ளிங்கின் படைப்பாகவே பேசப்பட்டது. இதில் கிப்ளிங்கைக் குற்றஞ்சாட்டுவது எளிது, நேர்மையாகாது. தம் மாணவரைப் பேரரசியின் மாளிகைக்கு அனுப்பியவர் அவரே. குற்றம் எழுதும் முறையில் உள்ளது. 'வடிவமைத்தவர்' என்னும் கட்டத்தில் ஒரு பெயர், 'நிறைவேற்றியவர்' என்னும் கட்டத்தில் இன்னொரு பெயர் என்று பதிவேடு பிரித்தபோது, சிந்தனை ஒரு பக்கமும் உழைப்பு மறுபக்கமும் போய் விழுந்தன. முழு அளவு வரைபடத்தை வரைபவர் ஒவ்வொரு கோட்டிலும் முடிவெடுக்கிறார் என்பதை அந்தப் பதிவேட்டில் எழுத இடமில்லை. அறிஞர்களும் இதற்கு விலக்கல்லர். 1909இல் வெளிவந்த 'இந்தியக் கைவினைஞர்' என்னும் நூலில் ஆனந்த குமாரசாமி, காலனியம் சிதைத்த தொழில் மரபுக்காக அரிய வாதத்தை முன்வைத்தார். அந்த வாதத்தின் நாயகரான கைவினைஞரோ, குலமரபின் வழி நிற்கும், தன்பெயர் நாடாத ஓர் இலட்சிய மனிதர். அதே ஆண்டில் லாகூரில் ஐம்பதைக் கடந்த ஒரு தச்சர் சம்பளம், பதவி, கட்டட ஒப்பந்தம் என்ற உலகில் தம் பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கைவினைஞரைப் புகழ்வோரும் இகழ்வோரும் ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு. அவருக்குப் பெயர் தேவையில்லை என்று இருசாராரும் கருதினர்.

காத்திருப்பு சிறிதன்று. 1893இல் கிப்ளிங் ஓய்வுபெற்று நாடு திரும்பினார். ராம் சிங் அப்போது பத்தாண்டு ஆசிரிய அனுபவம் உடையவர். அரசியின் மாளிகையில் பணி முடித்தவர். முதல்வர் பதவி அவருக்கு வரவில்லை. ஆங்கிலேயர்கள் அடுத்தடுத்து வந்தனர். பின்னாளில் இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற பெர்சி பிரவுனும் அவர்களுள் ஒருவர். துணைமுதல்வராகவே இருந்த ராம் சிங் 1910இல்தான் முதல்வரானார். அப்பள்ளியின் முதல் இந்திய முதல்வர். மூன்றாண்டுகளில் ஓய்வுபெற்றார். மீண்டும் ஓர் ஆங்கிலேயர் வந்தார். 1916இல் ராம் சிங் மறைந்தார். அவருடைய பெயருக்குப் பின்னால் அரச விருதின் எழுத்துகள் சேர்ந்திருந்தன. முன்னால் அதே பழைய 'பாய்'.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கட்டியவை பஞ்சாபின் பொது வாழ்வுக்கு உருவம் தந்தன. லாகூரில் பள்ளிக்கு அடுத்த மனையிலேயே எழுந்த அருங்காட்சியகம் கிப்ளிங்கோடு சேர்ந்து உருவாக்கியது. 1890இல் அடிக்கல் இடப்பட்டு 1894இல் திறக்கப்பட்டது. சிற்றரசர் மக்களுக்கான எய்ட்சிசன் கல்லூரியின் கட்டடத்தில் ஜெய்ப்பூரின் சுவின்டன் ஜேக்கப்பின் பெயரோடு ராம் சிங்கின் பெயரும் இணைந்து பேசப்படுகிறது. இன்றைய பைசலாபாத்தான லயல்பூரின் வேளாண் கல்லூரியும் அவருடையது. எல்லாவற்றிலும் பெரியது அமிர்தசரசின் கால்சா கல்லூரி. 1892இல் அடிக்கல் நாட்டப்பட்ட அக்கட்டடம், சீக்கியச் சமூகம் தனக்கென்று ஓர் உயர்கல்வி நிலையம் வேண்டும் என்று திரட்டிய பணத்தில் எழுந்தது. அரசியின் விருப்பத்துக்காக அமைத்த அறைக்கும், தம் மக்களின் பிள்ளைகள் படிக்க அமைத்த கூடங்களுக்கும் உள்ள வேறுபாடு கூர்ந்து பார்ப்பவருக்குப் புலப்படும். ஆஸ்போர்னில் அணி ஒரு இடத்தையும் விட்டுவைக்கவில்லை. கண் ஓய இடமில்லை. கால்சா கல்லூரியிலோ நீண்ட செந்நிறச் சுவர்களும் வளைவு நிரைகளும் முதலில் அமைதியைத் தருகின்றன; மாடங்களும் குவிமாடங்களும் வானத்தோடு சேரும் இடத்தில்தான் அணி தொடங்குகிறது. செங்கல்லை மரம்போல் கையாண்டவர் அவர். அருகில் சென்று பார்த்தால் சட்டமும் பலகையுமாகப் பிரித்துப் பொருத்திய ஒரு பெருங்கதவின் ஒழுங்கு சுவர்களில் தெரியும். இரு கட்டடங்களுள் எது அவருடைய மனத்துக்கு நெருங்கியது என்று கேட்டால், விடை அமிர்தசரஸ்தான் என்று சுவர்களே சொல்கின்றன.

இலக்கியம் இன்னொரு வகையில் அவரைத் தவறவிட்டது. லாக்வுட்டின் மகன் ருட்யார்ட் கிப்ளிங் 1901இல் வெளியிட்ட 'கிம்' நாவலின் தொடக்கத்தில், லாகூரின் 'அதிசய வீட்டில்' ஒரு காப்பாளர் வருகிறார். அருங்காட்சியகக் காப்பாளராகவும் இருந்த தந்தையின் சாயலே அவர். திபெத்திய லாமாவுக்குத் தம் மூக்குக்கண்ணாடியையே தந்துவிடும் அந்தக் காப்பாளரை உலகெங்கும் வாசகர் அறிவர். அவருக்கு வலக்கையாக விளங்கிய தச்சர் ஆசிரியர் அந்தப் பக்கங்களில் இல்லை. நாவலாசிரியர் தம் தந்தையை நினைவுகூர்ந்ததில் பிழையொன்றும் இல்லைதான். தச்சருக்கு நாவல் எழுதும் மகன் வாய்ப்பதில்லை.

1947இல் எல்லைக்கோடு அவருடைய வாழ்க்கையின் குறுக்கே விழுந்தது. பிறந்த ஊரும் கால்சா கல்லூரியும் இந்தியாவில் நின்றன. படித்த பள்ளி, கற்பித்த வகுப்பறை, அருங்காட்சியகம், லயல்பூர் யாவும் பாகிஸ்தானுக்குச் சென்றன. லாகூரிலிருந்து சீக்கியர்கள் வெளியேறினர். நகரில் எஞ்சிய அவருடைய கட்டடங்களுக்கு அவர் பெயரைச் சொல்லச் சொந்தச் சமூகத்தார் யாரும் இல்லை. அமிர்தசரசிலோ கல்லூரியை நிறுவிய பெருமக்களின் பெயர்கள் சொல்லப்பட்ட அளவுக்கு அதைக் கட்டியவரின் பெயர் சொல்லப்படவில்லை. மேயோ பள்ளி 1958இல் தேசியக் கலைக் கல்லூரியானது.

அவரை மீட்டெடுத்தவர்கள் அந்த மறுபக்கத்திலிருந்தே வந்தனர். லாகூரின் கட்டடக்கலைஞர்களான பர்வேஸ் வண்டலும் சாஜிதா வண்டலும் 2006இல் அவரைப் பற்றிய முதல் விரிவான நூலை எழுதினர். அதைப் பதிப்பித்தது அவர் முதல்வராக இருந்த அதே கல்லூரி. சீக்கியத் தச்சர் ஒருவரின் வாழ்க்கை, சீக்கியர் ஏறத்தாழ இல்லாமற்போன ஒரு நகரத்தில், இசுலாமிய ஆய்வாளர்களால் எழுதப்பட்டது. 2017இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியிலும் ராம் சிங்கின் பங்கு எடுத்துக்காட்டப்பட்டது. அந்தக் கண்காட்சியின் தலைப்பில் இருந்த பெயர் லாக்வுட் கிப்ளிங்.

கால்சா கல்லூரி நிற்பது அமிர்தசரசிலிருந்து மேற்கே செல்லும் பெருவழிச்சாலையில். அந்தச் சாலையிலேயே தொடர்ந்து சென்றால் ஐம்பது கிலோமீட்டரில் லாகூர். மால் சாலையில் அருங்காட்சியகமும் அதையடுத்துப் பழைய மேயோ பள்ளியும். ராம் சிங் தம் வாழ்நாளில் இரண்டுக்கும் இடையே ஒரே நாளில் போய்வந்திருக்கக்கூடிய தொலைவு. இன்று இடையில் அட்டாரியில் ஒரு வாயிற்கதவு இருக்கிறது; இரும்பில் செய்தது.